மதாம் பார்த்த மலை

தரங்கம்பாடியில் நாங்கள் பதினான்கு பேர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உட்காரக்கூடாதா என்று கேட்டேன். "திரும்பினா நாய் வந்து ஒண்ண கவ்விக்கிட்டுப் போயிடும். நீ போய் நல்லா பாத்துட்டு வா" என்றார். அவர் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் அந்த முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. வெள்ளைச் சேலை, உயரமான மெலிந்த முதுகு, கழுத்தில் இறுக்கிப் போட்ட கொண்டை. காற்றுக்கு ஒரு முடிகூடப் பறக்காது.

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் கல்யாணம் ஆகாதவர். பிரெஞ்சு வழக்கப்படி மத்மசேல் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வேலையில் சேர்ந்த முதல் நாள் வாசலில் நின்ற சேவகர் தவறிப்போய் மதாம் என்று கூப்பிட்டுவிட்டாராம். திருத்தினால் அந்த ஆளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று இவர் பேசாமல் இருந்துவிட்டார். அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

நான் கடலூர்க்காரி. ஐம்பத்திநாலில் புதுச்சேரியில் கொடி மாறியது. அடுத்த வருஷமே இங்கிலீஷ் தட்டச்சு தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். அப்படித்தான் அந்த அலுவலகத்துக்கு வந்தேன். என் மேஜைக்கு எதிர் மேஜை அவருடையது. பிரெஞ்சுக் கடிதங்களை அவர் அடிப்பார், இங்கிலீஷ் கடிதங்களை நான் அடிப்பேன். அந்தக் கட்டடத்தில் அப்போது பெண்கள் என்று நாங்கள் இரண்டே பேர்தான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் ஒரு சின்னச் சந்தை இருக்கும். யாருடையதோ குடை, யாருடையதோ தூக்குவாளி, துணிக்கடைப் பொட்டலம், சைக்கிள் பம்ப், ஒரு தடவை கூண்டோடு மைனா. "மதாம், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டுப் போவார்கள். அவரும் தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தப் பொருளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டுவார். மைனாவுக்குச் சொந்தக்காரர் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய் நாலு மாதம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் அது பிரெஞ்சில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. சொந்தக்காரருக்கு ரொம்பப் பெருமை. மதாம் மட்டும் அன்று மத்தியானம் வெறும் இடத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று கடிதங்களைத் தப்பாக அடித்தார்.

பெரிய மார்க்கெட்டில் நடந்த கதையை அவரே ஒருநாள் சிரிக்காமல் எனக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசை முடிந்து கறிகாய் வாங்கப் போயிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பெண் கூடை நிறைய சங்கரா மீனை இவர் காலடியில் வைத்து, "யக்கா, சித்த பாத்துக்க, இதோ வந்துட்டேன்" என்று போனவள் வரவே இல்லை. இவர் நின்றார். வெயில் ஏறியது. மார்க்கெட்டைக் கழுவிவிட ஆள் வந்துவிட்டான். கூடையைச் சுற்றி ஏழு பூனைகள்.

"வீட்டுக்குப் போயிருக்கலாமே மதாம்?"

"எப்படிப் போறது? வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா இல்ல?"

கடைசியில் கூடையைப் பக்கத்திலிருந்த கன்னிமடத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். அவளுக்கோ கூடையை யாரிடம் கொடுத்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

அப்போதெல்லாம் மத்தியானம் அலுவலகத்தை மூடிவிட்டு, வெயில் தாழ்ந்தபிறகு திறப்பார்கள். மணி அடித்ததும் மதாம் ஓடுவார். நடையல்ல, ஓட்டம்தான். குடையை விரிக்கக்கூட நிற்கமாட்டார். வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்து நான் மறுபடி வேலைக்கு வந்த புதிதில், ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் ஒருவரும் இல்லை. ஜன்னலோரம் ஒரு கட்டில் இருந்தது. விரிப்பு அன்றைக்குத்தான் மாற்றியதுபோல் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவருடைய அம்மா பத்தொன்பது வருஷம் அந்தக் கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். நான் வேலையில் சேருவதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்தார்.

"மூத்த அண்ணன் பட்டாளத்துல சொல்தாவா சைகோனுக்குப் போனான். அக்கா கல்யாணம் கட்டி ரெயூனியன் போயிட்டா. தம்பி படிக்கணும்னு பிரான்சுக்குப் போனான்" என்றார், குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே. "வண்டி ஏறும்போது மூணு பேரும் ஒரே வார்த்ததான் சொன்னாங்க. அம்மாவ பாத்துக்கோன்னு."

"அப்ப மத்தியானம் இப்படி ஓடி வர்றீங்களே, எதுக்கு?"

அவர் வெட்கப்பட்டார். "காலு பழகிப்போச்சு" என்றார்.

அதன்பிறகு என் மகளை அவரிடம் விட எனக்குத் தயக்கமே வரவில்லை. கடைக்குப் போகணுமா, மதாம். சினிமாவா, மதாம். என் கணவர், "பாவம், ரொம்பத் தொந்தரவு குடுக்கற" என்பார். ஆனால் குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் அவர்தான்.

ஐம்பத்தெட்டில் பொங்கல் கழிந்து எங்கள் தலைமைக் குமாஸ்தா ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தார். பெருத்த உடம்பு, பெருத்த குரல், மனசும் அப்படியே. கடற்கரையோரமாகவே தெற்கே போவது. கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி. அங்கிருந்து திருச்சி, சேலம் வழியாக ஏற்காடு மலைக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்புவது. மொத்தம் ஐந்து நாள். எங்களில் பாதிப்பேர் மலை என்ற ஒன்றைப் பார்த்ததே கிடையாது. புதுச்சேரியில் ஏறி நிற்பதற்கு மொட்டைமாடியை விட்டால் என்ன இருக்கிறது?

மதாம் முதலில் வரமாட்டேன் என்றார். தலைமைக் குமாஸ்தா விடவில்லை. "நீங்க வரலன்னா எங்க மூட்ட முடிச்சயெல்லாம் யாரு பாக்கறது?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மதாம் உடனே, "எப்ப கெளம்பணும் முசியே?" என்று கேட்டார்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஊரிலும் அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது. சிதம்பரத்தில் கீழக்கோபுர வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில். காரைக்காலில் நாங்கள் தங்கிய வீட்டின் கூடத்தில், பெட்டிகளுக்கு நடுவில். தரங்கம்பாடியில் கடலுக்கு முதுகு. அன்று அந்தக் கோட்டைச் சுவரை ஒட்டி நானும் என் கணவரும் வெகுதூரம் நடந்தோம். மகள் பிறந்தபிறகு கையில் குழந்தை இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது அன்றுதான். அலை வந்து சேலைக் கரையை நனைத்துவிட்டுப் போனது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

வேளாங்கண்ணிக்கு மறுநாள் காலை போனோம். வேன் நின்றதும் எல்லோரும் இறங்கிவிட்டோம். எங்களில் முக்கால்வாசிப்பேர் இந்துக்கள்தான். ஆனால் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றாமல் யார் திரும்புவார்கள்? கும்பிட்டோம், மெழுகுவத்தி ஏற்றினோம், கடலில் கால் நனைத்தோம், பொரி வாங்கினோம். தலைமைக் குமாஸ்தா நேரமாகிவிட்டது என்று கத்தவும், ஓடிவந்து ஏறினோம். வேன் புறப்பட்டு நாகப்பட்டினம் தாண்டிய பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. மதாம் பின்வரிசையில் ஜன்னலோரம், புறப்பட்டபோது இருந்தபடியே இருந்தார். தோளில் என் மகள் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மதாம், நீங்க கோயிலுக்குள்ள போகவே இல்லியே!"

"குழந்த அசந்து தூங்குச்சு. எழுப்ப மனசு வரல. ஜன்னல்லேர்ந்தே சிலுவ போட்டுக்கிட்டேன்." என் முகம் போன போக்கைப் பார்த்து, "மாதா எங்க போயிடப் போறாங்க? அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

எல்லோருக்குமே உறைத்துவிட்டது. அவருடைய கோயிலுக்கே அவரை வரவிடாமல் செய்துவிட்டு, நாங்கள் பொரி தின்றுகொண்டு வந்திருக்கிறோம். தலைமைக் குமாஸ்தா திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். திருச்சியில் சாப்பிட இறங்கியபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரிய பாவம் பண்ணிட்டோம்மா. மலையில அவங்கள ஒரு வேலயும் செய்ய வுடக்கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நீ குழந்தைய வாங்கிக்க" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தபோது என்மீதே எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏற்காடு நாங்கள் எதிர்பார்த்ததுபோல் இல்லை. மூட்டைகளில் இருந்த எல்லாத் துணியையும் மேலே போட்டுக்கொண்டும் குளிர்ந்தது. மறுநாள் காலை எல்லோரும் ஒரு பாறை முனைக்குப் புறப்பட்டோம். அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் சமவெளி முழுக்கத் தெரியும் என்றார்கள். வேன் நிற்கிற இடத்திலிருந்து கால்மைல் நடக்க வேண்டும். மதாம் வழக்கம்போல் எல்லோருடைய பைகளையும் ஒன்றுசேர்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் இடுப்பிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டேன்.

"இன்னிக்கு நான் இருக்கேன். நீங்க போங்க மதாம்."

"எதுக்கு? நீ இன்னும் பாக்கலியே."

"அப்புறம் பாத்துக்கறேன். நீங்க போங்க."

"குளுருக்கு அவ அழுவா. என்கிட்ட இருந்தா அழ மாட்டா."

"அதெல்லாம் ஒண்ணும் அழ மாட்டா."

மகள் அவர் சேலையை விடாமல் பிடித்திருந்தாள். நான் அந்த விரல்களைப் பிரித்தெடுத்தேன். மற்றவர்கள், "போங்க மதாம், போங்க, இன்னிக்கு உங்க நாள்" என்று கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே போனார்கள். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். குழந்தை அவர் சொன்னபடியே அழுதது. நான் அதை மரத்துக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனேன், சத்தம் அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று.

ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மதாம் இல்லை.

"எங்க அவங்க?"

"அங்கியே வுட்டுட்டு வந்தோம்" என்றார் தலைமைக் குமாஸ்தா, ரகசியம்போல. முகமெல்லாம் சிரிப்பு. "நாங்க கூட இருந்தா எங்க மேல் துண்ட புடிச்சிக்கறேன், தொப்பிய புடிச்சிக்கறேன்னு ஆரம்பிக்கறாங்க. அதான், நீங்க நிம்மதியா உக்காந்து பாருங்க மதாம், யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்னு சொல்லிட்டு, நாங்க ஏரிப்பக்கம் போயிட்டு வரோம்."

குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் போனேன். பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஆளே இல்லை. மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. பாறையின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு கல்லின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை முதுகு எனக்கு, முகம் பள்ளத்தாக்குக்கு. கீழே வயல்கள், ஏரிகள், நூல்போல் ரயில் பாதை. அத்தனையும் அவர் ஒருவருக்காகவே விரித்து வைத்தது போல் இருந்தது. அவர் தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரால் என்று நினைத்து என் சால்வையைப் போர்த்தப் போனேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "குழந்தைக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லியே. அவரு வெச்சிருக்காரு. எல்லாத்தயும் பாத்தீங்களா மதாம்? நல்லா இருந்துச்சா?"

"பாத்தேன். பாக்கறதுக்கு நெறய இருக்குது." பிறகு, கேட்கலாமா என்று யோசித்து யோசித்துக் கேட்பதுபோல், "உண்மைய சொல்லு. என் கைல அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா? வேன்ல வெச்சி இடிச்சிட்டனா? உங்க வீட்டுக்காரரு ஏதாவது சொன்னாரா?" என்றார்.

"ஐயோ, என்ன பேச்சு மதாம் இது?"

"அப்ப ஏன் என்கிட்டேர்ந்து வாங்கின? எல்லாரும் பேசி வெச்சிக்கிட்டு ஒரு பைகூட என்ன தொட வுடல. தனியா கொண்டாந்து உக்கார வெச்சிட்டுப் போயிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு காலையிலேர்ந்து யோசிச்சிக்கிட்டே இருக்கேன்."

ஒன்றரை மணி நேரம் அந்தப் பாறையில் உட்கார்ந்து அவர் தன் குற்றத்தைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த இடத்தில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை உங்களைத் தேடி அழுகிறாள், வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் நான் வேறு ஒன்றைச் சொன்னேன்.

"தப்பெல்லாம் இல்ல மதாம். உங்கள பாத்தா எங்களுக்குப் பாவமா இருந்துச்சு."

"பாவமா?" என்றார்.

அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். கொண்டையைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். வேனுக்கு வந்து சேர்ந்தபோது அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு முசியே, மெர்சி" என்று தலைமைக் குமாஸ்தாவிடம் சொன்னார். அவருக்குப் பரம திருப்தி.

மலையிலிருந்து இறங்கும்போது மதாமுக்கு டிரைவர் பக்கத்து முன் சீட்டைக் கொடுத்தார்கள், மரியாதையாக. வளைவுகளில் என் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பிறகு முன்பக்கம் பார்த்துக் கைகளை நீட்டி 'தாம், தாம்' என்று அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அப்போது சொல்லத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. என் கணவர், "சும்மா இரு, அவங்க மலைய பாக்கட்டும்" என்று அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முன் சீட்டில் மதாமின் கழுத்து அசையவில்லை. இரண்டு கைகளும் வெறும் மடியில் கிடந்தன. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அத்தனை பேர் நல்லது என்று நினைத்துச் செய்கிற காரியத்தை, அது நல்லதில்லை என்று எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தலைமைக் குமாஸ்தா அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் யாரும் மதாம்கிட்ட எதையும் கொடுத்துத் தொல்லை பண்ணக்கூடாது. அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். மறுவாரமே குடைகளுக்கென்று வாசலில் ஒரு மரத்தாங்கி வந்துவிட்டது. மதாமின் நாற்காலிக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. அங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் என் நாத்தனார் படிப்புக்காக வந்து தங்கினாள். குழந்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது. முதல் சில மாதங்கள் மதாம் தினமும் காலையில், "குழந்த எப்படி இருக்கா?" என்று கேட்டார். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு கேட்கவில்லை.

மத்தியான மணி அடித்தால் மட்டும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகும் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பிரெஞ்சுக் கடிதங்கள் குறைந்துகொண்டே வந்தன. சில நாள் அவர் தட்டச்சுப் பொறியை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, உறையைப் போட்டு, கைகளை அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். பேசுவோம், விலைவாசி, மழை, பண்டிகை என்று. அந்தப் பாறையைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. எத்தனையோ நாள் தொண்டைவரை வந்தது. என் இங்கிலீஷ் கடிதத்தில் ஒரு வரி விட்டுப்போனால் தாளையே கிழித்துப் புதிதாக அடிப்பேன். இதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித்தர வேண்டும் என்றார்கள். தெருவுக்குத் தெரு அதே பேச்சு. மதாம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஒருநாள் பிரான்சிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. மனைவி பக்கவாதத்தில் படுத்துவிட்டாள், மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது, நீ வர முடியுமா என்று எழுதியிருந்தான். பதினாறு வருஷத்தில் அவன் எழுதிய நீளமான கடிதம் அதுதானாம்.

தலைமைக் குமாஸ்தா கொதித்துவிட்டார். "இத்தன வருஷம் எங்க போயிருந்தான் அவன்? வேலக்காரியா கூப்பிடறான் மதாம் உங்கள! இது புரியலியா?"

"புரியுது முசியே" என்றார் மதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷமாகிவிட்டது.

மத்தியானம் எல்லோரும் போனபிறகு நான் அவர் மேஜைக்குப் போய் நின்றேன். மணி அடித்துவிட்டது. அன்று அவர் ஓடவில்லை. இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"நெஜமாவே போகணுமா மதாம்? அங்க குளுரு. பழகாத ஊரு."

"அங்க ரெண்டு வயசுப் புள்ள இருக்குது" என்றார். இழுப்பறையை மூடினார். பிறகு என்னை நேராகப் பார்த்து, கோபமே இல்லாமல், "இங்க எனக்கு யாரும் எதுவும் குடுக்கறதில்லியேம்மா" என்றார்.

நான் அப்போதுதான் சொன்னேன். அன்றைக்குக் குழந்தை உங்களைத் தேடித்தான் அழுதது என்று. மரத்துக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனேன் என்று. வேனில் அவள் கையை நீட்டியபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. ஐந்து வருஷமாக வைத்திருந்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கேட்டுச்சு" என்றார் கடைசியில். "வேன்ல அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நீ குடுப்பேன்னு பாத்தேன்."

ரயிலடிக்கு எல்லோரும் வந்திருந்தோம். விழுப்புரம் போய், மெட்ராஸ் போய், பம்பாயில் கப்பல். ஒரே ஒரு பெட்டிதான். தலைமைக் குமாஸ்தா அதைத் தானே தூக்கி மேலே வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கினார். நான் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆறு வயது முடிந்திருந்தது அவளுக்கு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. மதாமைப் பார்த்ததும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "யாரும்மா இவங்க?" என்றாள்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. "மதாம்டி. நீ குட்டிப் பாப்பாவா இருக்கறப்ப நம்ப மலைக்குப் போனோமில்ல? அப்ப எந்நேரமும் இவங்க மடியிலதான் இருப்ப. 'தாம், தாம்'னு கூப்பிடுவியே."

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியாது."

மதாம் ரயில் படியில் ஒரு காலை வைத்தவர் இறங்கி வந்தார். அவளுக்கு எதிரே குனிந்தார். தொடவில்லை. அந்த முகத்தில் எதையோ சரிபார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"தெரியாம இருக்கறதே நல்லது" என்றார் என்னிடம். "ஞாபகம் இருந்தா இப்ப அழுவா. வண்டி கெளம்பற நேரத்துல குழந்த அழுதா என்னால தாங்க முடியாது."

ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கை காட்டினார். மகள் பதிலுக்குக் கை காட்டினாள், தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் காட்டுவதுபோல, உற்சாகமாக. வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகு எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். மகள் என் கையை இழுத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ ஏன்மா அழுவுற?" என்றாள்.